தொட்டிச் செடிக்குச் சாம்பல் சத்து

நிலத்தில் வேரூன்றி நிற்கும் மரம் தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும். மேல்மண்ணில் கிடைக்காததை ஆழத்தில் தேடும். அருகில் இல்லாததை அப்பால் சென்று பெறும். வேப்பமரத்தின் வேர் மதிற்சுவரின் அடியே நுழைந்து அடுத்த வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பதைக் கண்டவர் பலர். தொட்டியில் வைத்த செடிக்கு அந்த உரிமை இல்லை. அது நாம் வகுத்த வட்டத்துக்குள் வாழ்கிறது. நாம் இட்டதை உண்கிறது. நாம் இட மறந்ததற்காக வாடுகிறது. தொழுவத்தில் கட்டிய பசுவுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்களோ, அவ்வளவு கடமை தொட்டிச் செடிக்கும் உண்டு. பசுவாவது பசித்தால் கத்தும். செடிக்கு வாயில்லை, அது தன் குறையை இலையின் நிறத்தால்தான் சொல்லும்.

நகரங்களில் வீட்டைச் சுற்றிய நிலம் சுருங்கிவிட்டது. முன்பு கொல்லைப்புறத்தில் நின்ற கறிவேப்பிலையும் மல்லிகையும் இன்று மொட்டை மாடிக்கு ஏறிவிட்டன. தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை ஆகியவற்றையும் தொட்டிகளிலும் பைகளிலும் பயிர் செய்து, வீட்டுக் காய்கறிச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அனுபவத்தைக் கூறுகிறார்கள். முதல் ஆண்டு செடி செழிக்கிறது; இரண்டாம் ஆண்டு தளர்கிறது. நாள்தோறும் நீர் ஊற்றுகிறோம்; வெயிலும் காற்றும் தாராளமாகக் கிடைக்கின்றன; பின் ஏன் இலையோரம் கருகுகிறது? ஏன் பூ உதிர்கிறது? இக்கேள்விகளுக்குரிய விடையைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சோதனையை இங்கே நினைவுகூர்தல் பொருத்தமாகும். அதுவும் தொட்டிச் செடியைக் கொண்டு நடந்த சோதனையே. இன்றைய பெல்ஜியம் நாட்டுப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர், அடுப்பில் உலர்த்திய மண்ணை 200 ராத்தல் நிறுத்து ஒரு பெரிய தொட்டியில் இட்டார். அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். தூசி விழாதவாறு, துளைகளிட்ட தகட்டினால் தொட்டியை மூடினார். மழைநீரைத் தவிர வேறொன்றும் இடவில்லை. 5 ஆண்டுகள் கழிந்தன. மரத்தைப் பெயர்த்து நிறுத்துப் பார்த்தார். 169 ராத்தலுக்கும் சற்று மிகுதியாக இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். 200 ராத்தலில் ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. இச்செய்தி அவர் மறைவுக்குப் பின், 1648ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் காணப்படுகிறது.

மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று ஹெல்மான்ட் முடிவு செய்தார். காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகள் உட்கொண்டு, சூரிய ஒளியின் துணையால் மாவுப்பொருளாக்குகின்றன என்னும் உண்மை அக்காலத்தில் வெளியாகவில்லை. ஆதலின் அவருடைய முடிவு பாதியே சரியாயிற்று. நமக்கு வேண்டுவது அவர் பொருட்படுத்தாமல் விட்ட அந்த 2 அவுன்சுதான். 160 ராத்தலுக்கு மேல் வளர்ந்த மரம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது அவ்வளவே. ஆயினும் அந்தச் சிறு அளவு இல்லாமற்போயிருந்தால் அம்மரம் வளர்ந்திராது. சோற்றில் உப்பு எவ்வளவு? ஒரு சிட்டிகை. அதற்காக உப்பு வேண்டாமென்று சொல்வோமா?

அந்தச் சிட்டிகையில் அடங்கியவை யாவை? செடி உயிர்வாழ இன்றியமையாத தனிமங்கள் 17 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. எஞ்சிய 14ஐயும் செடி பெரும்பாலும் வேரின் வழியாகவே பெறவேண்டும். இவற்றுள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்ற மூன்றும் மிகுதியாக வேண்டப்படுவன. கால்சியம், மக்னீசியம், கந்தகம் என்பவை அடுத்த வரிசையில் நிற்பவை. இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் மிக நுண்ணிய அளவில் போதுமானவை. அளவில் சிறியன என்பதால் இவற்றை அலட்சியம் செய்தலாகாது. ஏரிக்கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் நீர் வழியும். மற்ற இடங்களில் கரை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை. அதுபோலவே எந்தச் சத்து குறைவோ அதன் அளவுக்குத்தான் செடி வளரும். இந்த நியதியை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸ்ப்ரெங்கல், லீபிக் என்னும் அறிஞர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

இவற்றுள் பொட்டாசியம் என்னும் உலோகத்தின் உப்புக்களையே நம் உழவர் சாம்பல் சத்து என்கிறார்கள். பெயரே அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. மரத்தை எரித்தால் கரியும் நீரும் தழைச்சத்தும் புகையாய்ப் போகின்றன. மண்ணிலிருந்து வந்த தாதுக்கள் சாம்பலாய் எஞ்சுகின்றன. ஐரோப்பியர் மரச் சாம்பலை நீரில் கரைத்து, தெளிந்த நீரைப் பெரிய பானைகளில் காய்ச்சி உப்பெடுத்தார்கள். பானைச் சாம்பல் என்று பொருள்படும் அவர்களுடைய சொல்தான் பொட்டாஷ் என்பது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது அக்காலத்தில் இன்றியமையாத சரக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1790ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வழங்கப்பட்ட முதல் புத்தாக்க உரிமையே இந்தப் பொட்டாஷைச் சிறந்த முறையில் செய்வதற்காகச் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு அளிக்கப்பட்டது. 1807இல் ஹம்ப்ரி டேவி, உருக்கிய பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்தி அதிலிருந்த உலோகத்தைப் பிரித்தெடுத்து அதற்குப் பொட்டாசியம் என்று பெயரிட்டார். பின்னர் 1861 முதல் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபர்ட் சுரங்கங்களிலிருந்து பொட்டாஷ் உப்பை வெட்டியெடுக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டு வயல்களுக்கு வேண்டிய பொட்டாஷ் உரம் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே கப்பலேறி வருகிறது. நாம் குப்பையிலே வீசும் வாழைத்தோலிலும் தேங்காய் மட்டையிலும் அதே பொருள்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

செடிக்குள் பொட்டாசியம் செய்யும் பணி என்ன? தழைச்சத்தைப் போல அது செடியின் உடலாகக் கட்டப்படுவதில்லை. சாற்றிலே கரைந்த நிலையில் உலவுகிறது. இலைகளில் உள்ள நுண்துளைகளைத் திறப்பதும் மூடுவதும் அதன் போக்குவரத்தாலேயே நிகழ்கின்றன. துளை உரிய காலத்தில் மூடாவிட்டால் நீர் வீணாகி இலை துவளும். இலையில் உண்டான சர்க்கரை காய்க்கும் கிழங்குக்கும் சென்று சேர்வதற்கும் அது துணை செய்கிறது. ஆதலின் பொட்டாசியம் குறைந்த தக்காளிச் செடியில் காய் சிறுக்கிறது, தண்டு வலுவிழக்கிறது, வெயிலைத் தாங்கும் ஆற்றலும் நோயை எதிர்க்கும் ஆற்றலும் குறைகின்றன.

இதனை எவ்வாறு அறிவது? இலையைப் பார்க்கவேண்டும். ஆனால் எந்த இலையை என்பதே முக்கியம். பொட்டாசியமும் மக்னீசியமும் தழைச்சத்தும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. அவை குறைந்தால், குடும்பத்துப் பெரியவர்கள் தம் பங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவதுபோல, முதிய இலைகள் தம்மிடமுள்ளதைத் தளிருக்குத் தந்துவிட்டுத் தாம் வாடும். எனவே குறை முதலில் அடி இலைகளில் தோன்றும். இலை முழுவதும் ஒருசேர வெளிறினால் தழைச்சத்துக் குறைவு; ஓரங்கள் மஞ்சளாகிப் பின் தீய்ந்தாற்போல் கருகினால் பொட்டாசியக் குறைவு; நரம்புகள் பசுமையாயிருக்க இடைப்பகுதி மஞ்சளாயின் மக்னீசியக் குறைவு. கால்சியமும் இரும்பும் இவ்வாறு எளிதில் இடம்பெயரா. அவை குறையும்போது தளிர்களே முதலில் துன்புறும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், மருந்து மாறிப் போகும் தவறுகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

தொட்டி மண்ணில் பொட்டாசியம் விரைவில் தீர்ந்துபோவதற்குக் காரணம் இருக்கிறது. அது நீரில் எளிதில் கரைவது. களிமண்ணும் மட்கிய தழையும் அதனைப் பற்றி நிறுத்தும், மணல் நிறுத்தாது. நாமோ நீர் தேங்கக்கூடாதென்று மணல் கலந்த இளகிய மண்ணைத் தொட்டியில் இடுகிறோம். அடியில் துளையும் விடுகிறோம். இவை தேவையானவையே. ஆயினும் நாள்தோறும் ஊற்றும் நீரில் ஒரு பகுதி துளை வழியே வடியும்போது கரைந்த சத்துக்களையும் உடன்கொண்டு செல்கிறது. இதற்கு மேல், தோட்டத்து மரத்தின் உதிர்ந்த இலை அதன் காலடியிலேயே மட்கி மண்ணுக்குத் திரும்புகிறது. தொட்டிச் செடியின் உதிர்ந்த இலையையோ நாம் கூட்டிப் பெருக்கி எறிந்துவிடுகிறோம். வரவில்லாமல் செலவு மட்டும் நடக்கும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

இனி, ஈடு செய்யும் வழிகளைக் காண்போம். முதலில் விறகுச் சாம்பல். இதில் மிகுதியாக இருப்பது சுண்ணாம்புப் பொருள். பொட்டாஷ் நூற்றுக்கு 3 முதல் 7 பங்கு வரை இருக்கும். மணிச்சத்து ஓரிரு பங்கு இருக்கும். மக்னீசியமும் நுண் தாதுக்களும் சிறிதளவு உண்டு. தழைச்சத்து அறவே இல்லை. சாம்பலிலுள்ள பொட்டாஷ் நீரில் உடனே கரைவதால், மழையில் நனைந்து கிடந்த சாம்பலில் பெரும்பாலும் சுண்ணாம்பே எஞ்சியிருக்கும். எனவே அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்த சாம்பலைச் சலித்து, ஈரம் படாத கலத்தில் மூடி வைக்கவேண்டும். தேங்காய் மட்டை, வாழை மட்டை ஆகியவற்றின் சாம்பலில் பொட்டாஷ் மிகுதி. அசாம் மாநிலத்தில் வாழைத்தோலை எரித்த சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்து, அந்தக் காரநீரைச் சமையலிலேயே பயன்படுத்தும் வழக்கம் உண்டு. உமிச் சாம்பலில் பெரும்பகுதி மணற்சத்தாகிய சிலிக்காவே. மண்ணை இளக்குவதற்கு அது உதவும், பொட்டாஷுக்காக அதனை நம்ப முடியாது.

எல்லாச் சாம்பலும் சாம்பல் அன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நிலக்கரிச் சாம்பல் வேறு இனத்தைச் சேர்ந்தது. அதில் நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். வர்ணம் பூசிய மரம், ஒட்டுப் பலகை, பிளாஸ்டிக் கலந்த குப்பை ஆகியவற்றை எரித்த சாம்பலையும் தொடுதல் கூடாது. கீரையும் தக்காளியும் நாம் உண்பவை. தொட்டியில் இட்ட நஞ்சு திரும்ப நம் தட்டுக்கே வரும். எரிவாயு அடுப்பு வந்தபின் வீட்டில் சாம்பல் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆதலின் வெளியிலிருந்து வாங்கிவருவோர், எரிந்தது என்ன விறகு என்று கேட்டறிந்து வாங்குவதே அறிவுடைமை.

அடுத்து அளவு. எளிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் அரை அடி ஆழத்துக்கு உள்ள மேல்மண் சுமார் 900 டன் எடையிருக்கும். ஓர் அடி அகலமுள்ள தொட்டியில் 15 கிலோ மண் பிடிக்கும் என்று கொள்வோம். அப்படியானால் அத்தொட்டி ஓர் ஏக்கரில் 60,000இல் ஒரு பங்கு. அதில் ஒரு கைப்பிடிச் சாம்பலை, அதாவது சுமார் 30 கிராமை இட்டால், ஏக்கருக்கு 1,800 கிலோ சாம்பலைக் கொட்டியதற்கு அது சமம்! எந்த உழவரும் தம் வயலில் அவ்வாறு செய்யத் துணியமாட்டார். ஆனால் மாடியிலே நாம் மாதந்தோறும் ஒரு பிடி என்று அன்போடு இட்டுவருகிறோம். பட்டினியால் செடி வாடுவது ஒருபுறமிருக்க, ஊட்டிக் கெடுப்பதும் உண்டு. தலைதட்டிய ஒரு மேசைக் கரண்டி, அதாவது 7 கிராம் அளவு, ஓர் அடித் தொட்டிக்குப் போதுமானது. அதையும் ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் இடவேண்டியதில்லை. தண்டில் படாமல் ஓரமாகத் தூவி, மேல்மண்ணில் கிளறிவிட்டு, நீர் ஊற்றவேண்டும். விதை முளைக்கும் தொட்டியில் இடுதல் ஆகாது. யூரியா போன்ற உரத்தோடோ மட்காத சாணத்தோடோ சேர்த்து இட்டால், அவற்றிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும்.

அளவு மிகுந்தால் நேரும் கேடு யாது? சாம்பல் காரத்தன்மை உடையது. மண்ணின் காரம் உயர்ந்தால் இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம் ஆகியவை கரையாத வடிவில் அடைபட்டுவிடும். நம்முடைய செம்மண்ணுக்குச் செந்நிறம் தந்ததே இரும்புதான். இரும்பிலே வேர் நிற்கிறது. எனினும் செடி இரும்பின்றி வாடுகிறது. பெட்டி நிறையப் பணமிருந்தும் சாவி தொலைந்தவன் நிலை அது. தளிரிலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாய் நிற்பதைக் கறிவேப்பிலையிலும் ரோஜாவிலும் செம்பருத்தியிலும் அடிக்கடி காணலாம். இதைக் கண்டு சத்துக் குறைவென்று மேலும் சாம்பல் இடுவோர் நோயை வளர்க்கிறார்கள். துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதாலும் பயனில்லை. துரு என்பதும் கரையாத இரும்பே. சாம்பலை நிறுத்தி, நன்கு மட்கிய எருவை இட்டு, இயன்றபோது மழைநீரை ஊற்றுவதே தக்க வழி.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் அந்த நீரே ஒவ்வொரு நாளும் சிறிது சுண்ணாம்பைத் தொட்டியில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அத்தகைய ஊரில் சாம்பல் இடுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தொட்டி மண்ணில் ஒரு கரண்டி எடுத்து உலர்த்தி, அதன்மேல் எலுமிச்சம்பழச் சாற்றைச் சில துளிகள் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. அந்தத் தொட்டிக்குச் சாம்பல் வேண்டாம். நுரைக்காவிட்டால் அளவோடு இடலாம். தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. உப்பு மிகுதியாலும் இலையோரம் கருகும். அதனைப் பொட்டாசியக் குறைவென்று மயங்குதல் கூடாது.

சாம்பல் வேண்டாத இடத்தில் பொட்டாசியத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் தொழு உரத்தின் பெருமை விளங்குகிறது. நன்கு மட்கிய தொழு உரம் 100 கிராமில் தழைச்சத்து ஏறக்குறைய அரை கிராமும், மணிச்சத்து 0.2 கிராமும், பொட்டாஷ் அரை கிராமும் இருக்கும். மேலே சொன்ன ஒரு கரண்டிச் சாம்பலில் கிடைக்கும் பொட்டாஷ் ஏறத்தாழ 0.35 கிராம். ஆகவே இரண்டு கைப்பிடித் தொழு உரம், ஒரு கரண்டிச் சாம்பலைவிட மிகுதியான பொட்டாஷைத் தருவதோடு தழைச்சத்தையும் தருகிறது, நுண் தாதுக்களையும் தருகிறது, கரைந்த சத்துக்கள் வடிந்துபோகாமல் பற்றியும் நிறுத்துகிறது, காரத்தையும் உயர்த்துவதில்லை. தொழு உரம் சோறு, சாம்பல் ஊறுகாய். ஊறுகாய் சோற்றுக்குத் துணையாகுமேயன்றி ஊறுகாயையே உண்டு வாழ முடியாது. வேப்பம் பிண்ணாக்கு, கடலைப் பிண்ணாக்கு ஆகியவையும் நல்லுணவே. எனினும் அவற்றில் தழைச்சத்தே மேலோங்கியது. பொட்டாஷ் ஒன்றரைப் பங்கு அளவே உண்டு.

வாழைப்பழத் தோலை நீரில் ஊறவைத்து, அந்நீரைச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் வழக்கமாகியிருக்கிறது. பொட்டாசியம் தோலின் திசுக்களோடு பிணைந்து நிற்பதன்று. ஆதலின் ஒரு பகுதி நீரில் இறங்குவது உண்மையே. ஆயினும் அந்நீர் முழு உணவாகாது. அதில் தழைச்சத்து மிகச் சிறிது. புளித்த நாற்றமும் ஈயும் கூடவே வரும். தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உதிர்ந்த இலைகளோடும் காய்கறிக் கழிவோடும் சேர்த்து மட்கவைத்து இடுவதே மேல். அவ்வாறு செய்ய இடமில்லாதவர்கள் வெயிலில் சருகாக உலர்த்திப் பொடித்து, மாதம் ஒரு கரண்டி மண்ணில் கலந்துவிடலாம்.

மற்றத் தாதுக்களைப் பற்றியும் சில சொற்கள். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருளாலானது. நொறுக்கிப் போட்ட ஓடு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாவாக இடித்து இட்டால் ஓரளவு கரையும். காரமண்ணில் அதுவும் கரையாது. அங்கே கால்சியம் தேவைப்பட்டால் ஜிப்சமே ஏற்றது. அது கால்சியத்தோடு கந்தகத்தையும் தரும்; காரத்தை உயர்த்தாது. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது நம் உழவர் ஜிப்சம் இடுவது இந்தக் காரணம் பற்றியே. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுவது கால்சியம் காய்க்குச் சென்று சேராமையால் வருவது. பெரும்பாலும் அதற்குக் காரணம் மண்ணில் கால்சியம் இல்லாமை அன்று. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலே. நீரில் கரைந்துதான் கால்சியம் காய்க்கு ஏறவேண்டும். மேலும், பொட்டாசியம் அளவு கடந்தால் வேர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுக்கவிடாமல் தடுத்துவிடும். ஒன்றைக் கூட்டி மற்றொன்றைப் பறிகொடுக்கும் இந்த நிலை தொட்டியில் எளிதில் நேரும்.

மணிச்சத்துக்கு எலும்புத் தூள் பழைய நம்பிக்கைக்குரிய பொருள். மெதுவாகக் கரைவது, ஆதலின் தொட்டி நிரப்பும்போதே கலக்கவேண்டும். காரமண்ணில் இதன் பயன் குறைவு. கருங்கல் தூளில் பொட்டாசியம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது பாறையின் படிகத்துக்குள் பூட்டப்பட்டது. செடியின் ஆயுளுக்குள் அதில் மிகச் சிறு பகுதியே வெளிப்படும். கடற்பாசியோ இதற்கு நேர்மாறானது. அதிலுள்ள பொட்டாசியம் விரைவில் கிடைக்கும். இராமநாதபுரம் கடற்கரையில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்னும் பாசியின் சாறு பொட்டாசியம் மிகுந்தது. அது திரவ உரமாகவும் பயன்படுகிறது. கரையில் ஒதுங்கிய பாசியை எடுத்துவருவோர் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கிய பின்னரே மட்கவைக்க வேண்டும். தென்னை நார்க்கழிவும் அவ்வாறே. அதில் பொட்டாசியம் இருப்பினும் சோடிய உப்பும் சேர்ந்திருக்கும். அலசாமல் இட்டால் வேர் கருகும். மட்காமல் இட்டால் அது தான் மட்குவதற்காக மண்ணின் தழைச்சத்தைத் தானே உண்டுவிடும்.

எப்போது இடுவது என்பதற்கு நம் பருவங்களே வழிகாட்டுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை மொட்டை மாடித் தொட்டிகளை நன்கு அலசிவிடுகிறது. தேங்கியிருந்த உப்பு நீங்குவது நன்மை. அதோடு நல்ல சத்துக்களும் வடிந்துபோவது தீமை. எனவே மழை ஓய்ந்த பின், மார்கழிக் கடைசியிலோ தைத் தொடக்கத்திலோ, மேல்மண்ணை இரண்டங்குலம் அகற்றிவிட்டுப் புதிய தொழு உரத்தை நிரப்புவது சிறந்தது. சாம்பல் ஏற்கும் மண்ணாயின் அப்போதே ஒரு கரண்டி கலக்கலாம். மறுமுறை ஆடியில் இடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் எருவைக் குறைக்கவேண்டும். நீர் ஆவியாகி உப்பு செறிந்திருக்கும் காலம் அது. அப்போது செடிக்கு வேண்டுவது நிழலும், உதிர்ந்த சருகாலான மூடாக்கும், ஒழுங்கான நீருமே.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்தால் வேண்டுவன மிகச் சிலவே. முதலில் இலையைப் பார்த்துக் குறை இன்னதென்று அறியவேண்டும். அடி இலையா, தளிரா என்று கவனிக்கவேண்டும். அடுத்து நீரையும் மண்ணையும் சோதிக்கவேண்டும். தொழு உரத்தை உணவாகவும், சாம்பலையும் பிறவற்றையும் துணைப்பொருளாகவும் கொள்ளவேண்டும். கைப்பிடியை விட்டுக் கரண்டியைக் கையில் எடுக்கவேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஒரு மரம் மண்ணிலிருந்து கேட்டது 2 அவுன்சுதான் என்பதை மறவாதிருந்தால், அள்ளி இடும் ஆசை தானே அடங்கிவிடும். செடியின் கீழ் உதிர்ந்து கிடக்கும் இலையை நாளைக் காலையில் பெருக்கித் தள்ளாமல் அதே தொட்டியில் இட்டு, அதன்மேல் சிறிது மண்ணைத் தூவிவிடுங்கள். அது ஒரு காசும் செலவில்லாத எரு. செடி நம்மிடம் கொடுத்ததைச் செடிக்கே திருப்பித் தரும் நேர்மையும் ஆகும்.